லீவில் பள்ளிக்கூட வேலை: நாம் செய்வதா, பஞ்சாயத்து செய்வதா?

தோப்புக்காரன்:
கேரளத்தில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர் தமிழ் மீடியம் எல்.பி. (லோயர் பிரைமரி) பள்ளியை மார்ச் கடைசியில் சாத்தினால் ஜூனில்தான் திறப்பார்கள். இந்த இரண்டு மாதத்துக்குள் கிணறு தூர் வார, ஓடு மாற்ற, சுவரோரப் பொந்துகளை அடைக்க பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) ஆள் கேட்கிறது. சனி, ஞாயிறு காலை ஆறரை முதல் பத்து வரை. மோட்டார் நான் தருகிறேன். யார் வருகிறீர்கள்?

வண்டிப்பாதை:
நான் வரவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அது அரசுப் பள்ளி. திறக்கும் முன் கட்டடத்தைப் பார்த்து ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் தர வேண்டியது பஞ்சாயத்து இன்ஜினியர். நாம் சும்மா செய்து கொடுத்தால் அடுத்த வருஷ எஸ்டிமேட்டில் அந்த வரியே இருக்காது. ஏப்ரலில்தான் முதலமடை மாந்தோப்புகளில் கொஞ்சம் கூலி பார்க்க முடியும். அதை விட்டுவிட்டு மண்வெட்டி தூக்க யாருக்கு முடியும்? தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு முடியும்.

தோப்புக்காரன்:
குத்தல் புரிகிறது. 2019-ல் வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில் வகுப்பறைப் பொந்திலிருந்து பாம்பு கடித்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செத்துப்போனது. அதையும் எஸ்டிமேட் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்வீர்களா அண்ணா?

பால்டிமோர் அக்கா:
எனக்குச் சொந்த ஊர் கோபாலபுரம். இங்கே அமெரிக்காவில் ஸ்பிரிங் பிரேக் என்கிற லீவு ஒரு வாரம்தான். மேரிலாந்தில் 75 மணி நேர சேவையைக் கணக்குக் காட்டினால்தான் பள்ளிப் படிப்பு முடிந்த சான்றிதழ். என் மகள் அந்த வாரம் முழுக்க இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாட்டு டின்களை அடுக்கினாள். பிள்ளைகளையே இறக்கிவிடுங்களேன்?

வண்டிப்பாதை:
அக்கா, இங்கேயும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) உண்டு, இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம். இது எல்.பி., நாலாம் வகுப்போடு சரி. ஒன்பது வயசுப் பையனை பாலக்காட்டு ஏப்ரல் வெயிலில் ஓடு சுமக்க விட்டால் அதற்குப் பெயர் சேவை இல்லை.

மீனாட்சிபுரம் மருமகள்:
போன வருஷம் கிணற்று வேலைக்கு நானும் போனேன். சேற்றோடு சேற்றாக ஏழு ரப்பர் பந்து, ஒரு சோற்றுத் தட்டு, ரொம்ப நாளாகத் தேடின பள்ளிக்கூட மணியின் நாக்கு எல்லாம் வந்தது. ஆம்பிளைகள் மணியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் நாலு பெண்கள் டீ போட்டு, தம்ளர் கழுவி, தாழ்வாரம் கூட்டினோம். போட்டோவில் நாங்கள் இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

நீங்கள் இரண்டு பேருமே பொந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏப்ரல் பிறந்தால் இங்கிலீஷ் மீடியம்காரர்கள் பிள்ளை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஜூனில் ஆறாம் வேலை நாளன்று எத்தனை தலையோ, அதை வைத்துத்தான் எத்தனை டீச்சர் என்பது. வகுப்புக்குச் சராசரி 15 பேர்கூட இல்லையென்றால் 'அன்எகனாமிக்', அதாவது கட்டுபடியாகாத பள்ளிகளின் பட்டியல்தான். அப்புறம் தூர் வாரின கிணற்றில் யார் தண்ணீர் குடிப்பது? 1956-ல் மாநிலம் பிரித்த அதே வருஷம் அரசியல் சட்டத்தில் 350ஏ சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க அரசு வசதி செய்ய வேண்டும் என்று. சட்டம் இருக்கிறது, உட்காரப் பிள்ளை வேண்டாமா? எனக்குத் தெரிந்து லீவில் செய்ய வேண்டிய வேலை வீடு வீடாக நடக்கிறதுதான்.

வண்டிப்பாதை:
இது நியாயம். ஆனால் கேட்க வந்தவர்களிடம் சனம் முதலில் திருப்பிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தோப்புக்காரரே, உங்கள் பையன் எந்த வேனில் போகிறான்?

தோப்புக்காரன்:
பெரியவன் மஞ்சள் வேனில்தான், இங்கிலீஷ் மீடியம். மறைக்கவில்லை. அவனைச் சேர்த்தபோது அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சின்னவளுக்கு இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

வண்டிப்பாதை:
முதலில் அதை முடியுங்கள். முடிந்தால் சொல்லுங்கள், வேலை விட்டதும் ஆறு மணிக்கு மேல் நானும் கூட நடக்கிறேன். ஓடு மாற்றவும் பொந்து அடைக்கவும் பஞ்சாயத்துக்கு மனு எழுதித் தருகிறேன். மண்வெட்டி மட்டும் தொட மாட்டேன்.

மீனாட்சிபுரம் மருமகள்:
அதெல்லாம் சரிங்க. இந்தத் தடவை டீ யார் போடுவது?