புதுப்பிப்பு: பாசிக்கு விட்ட நத்தைகள்

போன மாதம் கேட்டிருந்தேனே, பவளத் தொட்டியில் பாசி தின்ன விட்ட நாலு டர்போ நத்தையும் செத்துப்போச்சு என்று. இங்குள்ள அண்ணன் ஒருவர் சொன்னபடி தண்ணீரின் உப்பை அளந்தேன். அடர்த்தி 1.030, அளவுக்கு மேல்! இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இப்போது தினமும் காலையில் வடிகட்டிய நல்ல தண்ணீர் ஊற்றி 1.025-இல் வைக்கிறேன்.

இந்த முறை டிரோக்கஸ் என்ற வேறு வகை நத்தை, ஆறு. மெல்லிய குழாயில் நத்தைகள் வந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை இறக்கி, இரண்டு மணி நேரம் பழக்கிய பிறகுதான் உள்ளே விட்டேன். இந்த வகை கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்கிறது. டர்போவுக்கு அது பெரும்பாலும் முடியாது.

ராத்திரி டார்ச் அடித்தால், பாசியில் நாக்கு சுரண்டிய வளைவு வளைவான தடம் தெரிகிறது. ஆறும் உயிரோடு இருக்கின்றன. பின்கண்ணாடியை மட்டும் நான் துடைப்பதில்லை, அதுகளுக்குத் தீனி வேண்டுமே.