சென்டர் ஸ்பீக்கர்: ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்கும் வசனம் புரிய எதை வாங்கலாம்?

பீளமேட்டுவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு டெனான் ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி), அலமாரியில் வைக்கும் அளவிலான ஒரு ஜோடி புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள், கீழொலிக்கென்று ஒரு சப்வூஃபர் ஆகியவற்றை வைத்து இரண்டு ஆண்டுகளாகப் படம் பார்த்து வருகிறோம். பேச்சுக்கென்று திரைக்கு நடுவே வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் இல்லாததால் வசனம் இடம், வலம் இரண்டிலிருந்தும் பிரிந்து வருகிறது. சோபாவின் நடுவில் உட்காரும் எனக்கு அது திரையிலிருந்து வருவது போலவே இருக்கிறது. ஆனால் முழங்கால் வலியால் தாழ்ந்த சோபாவில் உட்கார முடியாத அம்மா, வலது ஓரத்தில் ஒரு மர நாற்காலி போட்டு அமர்கிறார். அவருக்கு எல்லோருடைய பேச்சும் ஜன்னலோரத்து ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறதாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை "இப்ப என்ன சொன்னான்?" என்று கேட்பார். ஒலியைக் கூட்டினால் சண்டைக் காட்சியில் காதைப் பொத்திக்கொள்கிறார்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். திரைக்கும் அமரும் இடத்துக்கும் இடையே 2.8 மீட்டர். இரு ஸ்பீக்கர்களுக்கு இடையே 2.2 மீட்டர். அம்மாவின் நாற்காலி நடுக்கோட்டிலிருந்து 1.5 மீட்டர் வலப்புறம் இருக்கிறது. டிவி ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள்; ஒவ்வொன்றும் 19 செ.மீ. உயரம். என் முன் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, என் ஸ்பீக்கர்களின் வரிசையிலேயே வரும் தட்டையான சென்டர். நடுவில் மேலொலிக்கான சிறு யூனிட்டான ட்வீட்டர், இரு பக்கமும் மற்ற ஒலிகளுக்கான ஐந்தேகால் அங்குல வூஃபர்கள் கொண்டது, தட்டில் சரியாக நுழையும். இரண்டாவது, வேறு நிறுவனத்தின் மூன்று வழி சென்டர், அதாவது கீழொலி, நடு ஒலி, மேலொலி மூன்றுக்கும் தனித்தனி யூனிட் கொண்டது. உயரம் 21 செ.மீ., விலையும் ஏறக்குறைய இரட்டிப்பு. மூன்றாவது, இப்போது இருக்கும் அதே புக்ஷெல்ஃபில் இன்னொன்றை நடுவில் நிறுத்துவது. ஆனால் அதன் உயரம் 36 செ.மீ., கடையில் ஜோடியாகத்தான் தருவார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது?

தம்புரா

முதலாவதையே வாங்குங்கள். முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்கும் ஒரே ட்வீட்டரும் ஒரே குரல்வண்ணமும் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் அடிப்படை. ஒரு கார் இடமிருந்து வலமாகக் கடக்கும்போது நடுவில் அதன் ஓசை மாறிவிட்டால், அந்த ஒட்டுப்போட்ட உணர்வு படம் முழுவதும் உறுத்திக்கொண்டே இருக்கும். நான் ஒரு முறை தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வேறு நிறுவனத்தின் சென்டரை வாங்கி, ஆறே மாதத்தில் விற்றுவிட்டேன். ஒரு மனிதர் திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்து வந்தால், அவருக்குச் சளி பிடித்தது போல் குரல் மாறும். தயாரிப்பாளர் அந்த வரிசைக்கென்றே ஒன்றைச் செய்திருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை.

அலைநீளம்

தம்புரா சொல்லும் குரல்வண்ணப் பொருத்தம் முக்கியமானதுதான். ஆனால் இந்தக் கேள்வியின் உயிர்நாடி அந்த மர நாற்காலி. அதை விட்டுவிட்டுப் பதில் சொன்னால், நடுவில் உட்கார்ந்து ஏற்கெனவே தெளிவாகக் கேட்டுக்கொண்டிருப்பவருக்காகப் பணம் செலவழித்ததாகிவிடும்.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீங்கள் கொடுத்த அளவுகளின்படி வலது ஸ்பீக்கர் அம்மாவிடமிருந்து சுமார் 2.83 மீட்டரிலும், இடது ஸ்பீக்கர் சுமார் 3.82 மீட்டரிலும் இருக்கின்றன. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், வலப்பக்க ஒலி கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி முந்திக்கொள்கிறது. ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து இவ்வளவு இடைவெளியில் வந்தால், முதலில் வந்த திசையையே மூளை ஒலியின் பிறப்பிடமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஜன்னல் பக்கம் பேச்சு கேட்கிறது என்று அம்மா சொல்வது பிரமையன்று. பின்தங்கி வரும் இடப்பக்க ஒலி சில அதிர்வெண்களில் முந்தியதோடு மோதித் தேய்வதால் தெளிவும் குறைகிறது. இதற்கு நடுவில் ஒரு நிஜமான ஸ்பீக்கர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1933-இல் பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் இசைத்த ஆர்க்கெஸ்ட்ராவைக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கொன்றுக்கு அனுப்பிக் காட்டியபோதே இடம், நடு, வலம் என்று மூன்று வழிகளில்தான் அனுப்பினார்கள்.

இனி, அந்தத் தட்டையான சென்டருக்கு வருவோம். அதன் இரு வூஃபர்களும் ஒரே ஒலியைத் தருகின்றன. அவற்றின் மையங்களுக்கு இடையே 26 செ.மீ. இருப்பதாகக் கொள்ளுங்கள். அம்மாவின் நாற்காலி நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 28 பாகை விலகியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஒரு வூஃபர் மற்றதைவிடச் சுமார் 12 செ.மீ. தொலைவில் இருக்கும். 12 செ.மீ. என்பது அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண் ஏறத்தாழ 1,400 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு வூஃபர் தள்ளும்போது மற்றது இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வூஃபர், ட்வீட்டர் என இரு வகை யூனிட் மட்டுமே உள்ள இத்தகைய இரண்டு வழி ஸ்பீக்கர்களில் ட்வீட்டர் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் பொறுப்பேற்கும் என்பதால் இந்தப் பள்ளத்தை நிரப்ப ஆளில்லை. உயிரொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அதிர்வுகள் சுமார் 800 முதல் 2,300 ஹெர்ட்ஸ் வரையில்தான் பரவிக் கிடக்கின்றன. பள்ளம் விழுவது அந்த இடத்தின் நட்டநடுவில். நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி உட்காருபவருக்கோ இதே கணக்கு 3,800 ஹெர்ட்ஸைக் காட்டும். அதற்குள் வூஃபர்கள் ஓய்ந்து ட்வீட்டர் வந்துவிடுவதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. கடையில் நேர் எதிரே உட்கார வைத்துக் கேட்கச் சொல்வதால்தான் இந்தக் குறை யாருக்கும் பிடிபடுவதில்லை.

மூன்று வழி சென்டரில் ட்வீட்டருக்கு நேர் மேலேயோ கீழேயோ ஒரு சிறிய நடு ஒலி யூனிட் செங்குத்தாக நிற்கும். குரலின் பெரும்பகுதியை அது ஒன்றே தருவதால் பக்கவாட்டில் இந்தச் சச்சரவு பெரிதும் குறையும். கெஃப் நிறுவனம் 1988 முதல் செய்துவரும் யூனி-க்யூ முறையில் நடு யூனிட்டின் மையத்திலேயே ட்வீட்டர் அமர்ந்திருக்கும்; அதுவும் இதே சிக்கலுக்கு நல்ல மருந்து. ஆனால் இவையெல்லாவற்றையும்விட உங்கள் மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. நிமிர்ந்து நிற்கும் அதே புக்ஷெல்ஃபில் ஒரே ஒரு வூஃபர், அதற்கு மேலே ட்வீட்டர். பக்கவாட்டில் அழிவதற்கு இரண்டாவது வூஃபரே இல்லை. குரல்வண்ணப் பொருத்தமும் இதைவிடப் பொருத்தமாக அமையாது. உயரம் போதவில்லை என்று அதைப் படுக்க வைத்துவிடாதீர்கள்; படுக்க வைத்தால் வூஃபரும் ட்வீட்டரும் பக்கம் பக்கமாக வந்து, அவை கைமாறும் இடத்தில் வேறொரு பள்ளம் விழும்.

மொசைக்தரை

வாங்குவதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள். டிவியின் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தால், ரிசீவருக்குப் பெரும்பாலும் இடம், வலம் என்ற இரண்டு சேனல்தான் போய்ச்சேரும். அதை, வந்த ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் என்று மாற்றுங்கள். கேபிளில் ஸ்டீரியோவாக வரும் நிகழ்ச்சிகளுக்கு ரிசீவரில் ஸ்டீரியோவுக்குப் பதில், இரண்டு சேனல் ஒலியை எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துத் தரும் டால்பி சரவுண்டைத் தேர்ந்தெடுத்தால்தான் பேச்சு நடுவுக்கு வரும். இல்லாவிட்டால் எவ்வளவு விலையுள்ள சென்டரும் வாய் திறக்காது. மூன்றாவது, டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் உள்ள ஹாலில் சோபாவுக்கு முன் ஒரு தடித்த ஜமக்காளம் விரித்தாலே பேச்சின் எதிரொலி கொஞ்சம் அடங்கும்.

எந்த சென்டரானாலும் தட்டின் முன்விளிம்போடு ஒட்டி வையுங்கள். உள்ளே தள்ளி வைத்தால் தட்டே ஒரு பானை போல ஆகி, ஆண் குரல்கள் கும்மென்று கேட்கும். ரிசீவரில் சென்டரை ஸ்மால், 80 ஹெர்ட்ஸ் என்று அமைத்துவிட்டால் அதற்குக் கீழுள்ள ஒலியை சப்வூஃபர் பார்த்துக்கொள்ளும்.

தம்புரா

நாற்காலிக் கணக்கை நான் யோசிக்கவில்லை. என் வீட்டில் எல்லோரும் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்காருகிறோம். ஆனாலும் வேறு நிறுவனத்தின் மூன்று வழி சென்டருக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது.

பீளமேட்டுவாசி

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். இடது ஸ்பீக்கரைக் கழற்றி, டிவிக்கு முன்னால் சமையலறை முக்காலியில் நிமிர்த்தி வைத்து, சென்டர் இணைப்பில் மாட்டினேன். டால்பி சரவுண்டில் செய்தி ஓடவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அம்மாவை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, "எதுக்கு இவ்வளவு சத்தம்? கொஞ்சம் குறை" என்றார். வழக்கமான அளவைவிட நான்கு புள்ளி குறைத்த பிறகும் வானிலைச் செய்தியில் எந்த மாவட்டத்தில் மழை என்று என்னைக் கேட்கவில்லை. பிறகு அதே ஸ்பீக்கரைப் படுக்க வைத்துப் பார்த்தேன். நடுவில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை, அம்மா மட்டும் "என்னவோ துணி போட்டு மூடின மாதிரி இருக்கு" என்றார்.

இன்று காலை ஆசாரி வந்து ஸ்டாண்டைப் பார்த்தார். இரண்டு தட்டுகளுக்கும் நடுவிலுள்ள பலகையைக் கழற்றினால் சுமார் 40 செ.மீ. உயரம் கிடைக்கும், பக்கச் சட்டங்கள் தாங்கும் என்கிறார். பின்பலகையிலும் கொஞ்சம் வெட்டச் சொல்லியிருக்கிறேன், ஸ்பீக்கரின் காற்றுத்துளை பின்னால் இருப்பதால். முகம் காதை நோக்கி நிமிர, முன்பக்க அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிடலாம்; உயரத்தில் மிச்சமிருப்பது அதற்குப் போதும். இனி ஜோடி வாங்குவதுதான் பாக்கி. மிஞ்சும் ஒற்றை ஸ்பீக்கர், இதே வரிசையை வைத்திருக்கும் யாருக்காவது சென்டராகப் பயன்படுமானால், பாதி விலைக்குத் தந்துவிடுகிறேன். கோவைக்குள் என்றால் நானே கொண்டுவந்து கொடுப்பேன்.