மறுமொழி: ஜீன் கோஎக்ஸ்பிரஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> அண்ணா, இணைவெளிப்பாடு, உடன்வெளிப்பாடு, கூட்டுவெளிப்பாடு மூன்றையும் கலைச்சொல் பட்டியலில் போட்டிருக்கிறேன். எதை வைக்க, எதை எடுக்க?

தம்பி, வணக்கம்.

பல மாதிரிகளில் (சாம்பிள்களில்) மரபணுக்களின் வெளிப்பாடு, அதாவது அவற்றிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ அளவு, சேர்ந்தே ஏறி இறங்குவதுதானே கோஎக்ஸ்பிரஷன். அதற்கு நீ போட்ட மூன்றில் இரண்டை இப்போதே எடுத்துவிடலாம், மூன்றாவதில்தான் தகராறு.

"உடன்" நான் சூடுபட்ட சொல். ஒரு கருத்தரங்குக்குப் போஸ்டர் அடிக்கக் கொடுத்தபோது ஃப்ளெக்ஸ் கடைப் பையன் நடுவில் ஒரு இடைவெளியைத் தட்டிவிட்டான். "மரபணு உடன் வெளிப்பாடு" என்று நாலடி அகலத்துக்கு வந்து நின்றது. முன்வரிசையில் இருந்த ஒருத்தர், மருந்து கொடுத்த உடனே வெளிப்படுகிற மரபணுக்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. செல்லுக்கு ஒரு தூண்டல் கிடைத்த சில நிமிடங்களிலேயே எழும்புகிற ஃபாஸ் மாதிரி மரபணுக்கள் நிஜமாகவே தனி வகை, நாளைக்கு அந்த வகைக்குப் பெயர் வைக்க இந்த "உடன்" நமக்கு வேண்டும். அடுத்தது கூட்டு. பத்து மரபணு கூடி ஒன்றை வெளிப்படுத்துகிறது என்கிற அர்த்தம் வந்துவிடும், அது இல்லை நாம் சொல்வது. (வாழைப்பூக் கூட்டு நினைவுக்கு வருவது என் பிரச்சினை, அதை விடு.)

இணைவெளிப்பாடு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பில் ஒரு பெண் "இந்த இரண்டு மரபணுக்களும் ஒன்றோடொன்று இணைகின்றன" என்று எழுதிக் கொண்டுவந்தாள், பக்கத்திலேயே ஸ்ட்ரிங் என்கிற புரதத் தொடர்புத் தரவுத்தளத்திலிருந்து எடுத்த வலைப்படம். அவளைத் திட்டி என்ன பிரயோசனம், நாம் கொடுத்த சொல்லே அப்படித்தானே தள்ளிவிடுகிறது. போதாததற்கு, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் கோரிலேஷனைப் பாடநூலில் "ஒட்டுறவு" என்றே படித்து வந்த பிள்ளைகள். இங்கே ஒட்டு, அங்கே இணை, அப்புறம் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்?

கணினி செய்வது இவ்வளவுதான். நூறு சாம்பிள் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு என்று அளந்து அட்டவணையாக வைத்திருக்கிறோம். ஒரு மரபணு எந்தெந்த மாதிரியில் ஏறுகிறதோ அதே மாதிரிகளில் இன்னொன்றும் ஏறி, இது இறங்கும் இடத்தில் அதுவும் இறங்கினால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில் தொடுகை எதுவும் இல்லை. புரதங்கள் தொடுகின்றனவா என்பதற்கு வேறு சோதனை வேண்டும், 1989இல் ஃபீல்ட்ஸும் சாங்கும் ஈஸ்ட்டில் செய்து காட்டிய இரட்டைக் கலப்பின முறை (டூ-ஹைப்ரிட்) மாதிரி ஒன்று. ஸ்ட்ரிங்கில் இழுக்கிற கோடுகூட எப்போதும் தொடுகை இல்லை. சோதனைச் சான்று, கட்டுரைகளில் இரண்டு பெயரும் சேர்ந்து வருவது, இந்தக் கோஎக்ஸ்பிரஷன் என்று பல சான்றுகளைக் கலந்து ஒரு மதிப்பெண் கொடுக்கிறது, 0.7க்கு மேல் போனால் உயர்நம்பிக்கை என்கிறது. நேரடியாக ஒட்டியிருப்பவை மட்டும் வேண்டுமென்றால் அதற்குத் தனித் தெரிவு.

சேர்ந்து ஏறுவதும் தொடுவதும் ஒன்றாக வரும் இடமும் உண்டு. ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பீட்டாவுக்கானது 11இல். சிவப்பணு உருவாகும் செல்லில் இரண்டும் சேர்ந்து ஏறும், ஏறின புரதங்களும் இரண்டுக்கு இரண்டாகக் கட்டிக்கொள்ளும். ஆனால் ஈஸ்ட்டில் செல் பிரிவதை நடத்தும் சிடிசி28 என்ற புரதத்தைப் பார். செல் சுழற்சி முழுக்க அதன் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கிறது, அதன்மேல் வந்து உட்காரும் சைக்ளின் என்ற புரதங்கள் மட்டும் ஏறி ஏறி விழுகின்றன. தொடுகை உண்டு, சேர்ந்து ஏறி இறங்குவது இல்லை. அப்படியானால் இரண்டுக்கும் இரண்டு சொல், ஒன்றின் வாடை மற்றதில் அடிக்கக் கூடாது.

எனக்கு இது புரிந்தது தறியில்தான். இளம்பிள்ளையில் சித்தப்பா வீட்டில் ஜக்காடு தறி ஓடிய காலம். மிதியை அமுக்கினால் மேலே பெட்டியில் ஒரு அட்டை திரும்பும், ஓட்டை இருக்கும் இடத்துக் கொக்கி மட்டும் எழும்பும். ஒரே கொக்கியில் பல கயிறு கட்டியிருக்கும், சேலை அகலத்துக்கு மாங்காய் டிசைன் எத்தனை முறை வருகிறதோ அத்தனை. இடது ஓரத்து மாங்காயின் மூக்கு நூலும் வலது ஓரத்து மாங்காயின் மூக்கு நூலும் சேலை அறுக்கிற வரைக்கும் ஒன்றாகவே எழும்பி ஒன்றாகவே படியும், ஒரு நாளும் ஒன்றையொன்று தொடாது. இவற்றைத் தூக்குவது கொக்கி. மரபணுவில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது ஒரு படியெடுப்புக் காரணி, மரபணுவை இயக்கிவிடும் புரதம். இப்படி எழும்பும் நீள நூல்தான் பாவு; பாவு இழைகளுக்கு நடுவே புகுந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் போகும் குறுக்கு நூல் ஊடை. ஆகவே புரதங்கள் தொடுவதற்கு (இன்டராக்ஷன்) "ஊடாட்டம்" என்பதையே வைத்துக்கொள்வோம். இடைவினை வேண்டாம், வினை என்றால் வேதிவினை ஞாபகம் வரும், இரண்டு புரதம் எந்த வேதிவினையும் இல்லாமல் ஒட்டி விலகிப் போகலாம்.

பாவு எழும்புவதற்கு என்ன சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். "ஒத்தபோக்கு" என்று எழுதிப் பார்த்தேன், எங்கள் ஊரில் ஒத்த என்றால் ஒற்றை, தவிர ஒத்த குரோமோசோம்கள் என்று வேறு ஒரு விஷயம் பாடத்திலேயே இருக்கிறது. கடைசியில் நான் கைவிட்ட "இணை"க்கே திரும்பினேன். இணைகோடுகள் தொடுவதே இல்லையே! அந்த அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு "இணைப்போக்கு" என்றால்? ஒரு லாபமும் இருக்கிறது. ஒன்று ஏற மற்றது இறங்கினால் "எதிர்ப்போக்கு". எதிர் இணைவெளிப்பாடு என்று எழுதிப் பார், வாயிலேயே நுழையாது. கோஎக்ஸ்பிரஷன் வலை போடும் டபிள்யூஜிசிஎன்ஏ மென்பொருளில் கூட்டல் கழித்தல் குறி பார்க்காத வலை போட்டால் −0.9 ஒட்டுறவையும் +0.9 ஒட்டுறவையும் ஒரே பெட்டியில் போட்டுவிடும், அதைப் பிள்ளைகளுக்கு விளக்க இந்த ஜோடி தேவை.

குகை, சேலம்


> "இணைப்போக்கு" என்றால்?

தம்பிகள் இருவருக்கும்,

ஊடாட்டத்துக்கு என் ஓட்டு. இங்கே ஏற்காட்டில் சில்வர் ஓக்கில் ஏறியிருக்கிற மிளகுக் கொடிதான் ஊடாட்டம், கோடை மழை பெய்து ஒன்பது பத்து நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூக்கிற காப்பிச் செடிகள் அந்த இன்னொன்று. செடிக்குச் செடி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே மழை, அவ்வளவுதான்.

ஆனால் "போக்கு" எனக்கு இடிக்கிறது. போக்கு என்றால் காலம். நான் வைத்திருக்கும் தரவு அறுபது செடிகளிலிருந்து ஒரே நாளில் பறித்த இலை. முதல் செடி, இரண்டாம் செடி என்பதில் முன் பின் கிடையாது. இதில் எது எங்கே போகிறது? இன்னொன்றும் சொல்கிறேன், சேர்ந்து ஏறுவதற்கு எப்போதும் கொக்கி இருக்க வேண்டும் என்றில்லை. ரத்த மாதிரிகளில் ஒருவருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதிகமாக இருந்தால் நியூட்ரோஃபிலின் மரபணுக்கள் எல்லாமே அவரிடம் அதிகமாகத் தெரியும், செல் எண்ணிக்கை கூடியதைத் தவிர உள்ளே ஒன்றும் மாறியிருக்காது. அதனால் சொல்லில் காரணம் எதையும் ஏற்றாதீர்கள். "இணைமாற்றம்" என்று வைத்தால் என்ன?


> "இணைமாற்றம்" என்று வைத்தால் என்ன?

அக்கா,

நியூட்ரோஃபில் விஷயம் சரி, கொக்கியை நான் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடித்துவிட்டேன். ஆனால் இணைமாற்றம் வேண்டாம், புள்ளியியலில் கோவேரியன்ஸ் என்ற அளவுக்கு இணைமாறுபாடு என்று ஒன்று புழங்குகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புள்ளியியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

போக்குக்கு என் பதில் இது. உங்கள் அறுபது செடிகளையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் கீழே அடுக்கி, இரண்டு மரபணுவின் அளவையும் இரண்டு கோடாக மேலே வரையுங்கள். வரிசையைக் கலைத்துப் போட்டாலும் கோடுகள் சேர்ந்தேதான் போகும். போகிறது கோடு, காலம் இல்லை. "அவர் போக்கே தனி" என்கிறோமே, அதில் காலம் எங்கே இருக்கிறது? இருந்தாலும் முதல் தடவை வரும் இடத்தில் "வெளிப்பாட்டு இணைப்போக்கு" என்று முழுதாக எழுதி, மாதிரிகளுக்கு இடையே பார்ப்பது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், பிறகு வெறும் இணைப்போக்கு, இணைப்போக்கு வலை.

தம்பி, பட்டியலில் இதைப் போடு, பக்கத்தில் எதிர்ப்போக்கு, அடுத்த வரியில் புரத ஊடாட்டம். உடன், கூட்டு இரண்டையும் எடுத்துவிடு. ஒட்டுறவைத் தொடாதே, பாடநூலில் ஏறிவிட்டது. வலையில் நிறையக் கோடுகள் வந்து சேரும் "ஹப்" மரபணுவுக்கு நீ போட்டிருக்கும் "அச்சாணி" பற்றித் தனி மடல் போடுகிறேன், அதற்கு இன்றைக்குத் தெம்பில்லை.