அன்பியம் முடிந்து டீ வரும் நேரம்: நேரில் கண்டதைப் பகிருங்கள்

மேற்குத்தெரு (தொடங்கியவர்)

போன ஞாயிறு எங்கள் கோயிலில் நல்ல சமாரியர் உவமை. "எனக்கு அடுத்திருப்பவர் யார்?" என்ற கேள்வியை வைத்து ஃபாதர் நன்றாகவே மறையுரை வைத்தார். எரிகோ சாலை, குற்றுயிராய்க் கிடந்தவர், விலகிப்போன குருவும் லேவியரும் என்று எல்லாம் வந்தன. எங்கள் ஊர் மட்டும் வரவில்லை. யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகையைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், எதிரே எங்கள் கல்லறைத் தோட்டம். அதற்கு இரண்டு வாசல், சாதிக்கு ஒன்றாக!

வாதம் வேண்டாம், அது நிறையப் பார்த்தாயிற்று. நம் கோயில்களில் இருக்கும் இந்த மாதிரிப் பிரிவினையில் நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம்.

கள்ளக்குறிச்சிக்காரன்

எங்கள் பக்கம் என்றால் எல்லோருக்கும் எறையூர்தான் நினைவுக்கு வரும். 2008 மார்ச் 9. தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக்க, அதாவது தனிச் சாமியார் பொறுப்பில் விடக் கேட்டார்கள். அதையொட்டிக் கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு. அடித்த பக்கமும் அடிபட்ட பக்கமும் ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. நான் சொல்லப்போவது வேறு ஊர், சின்ன விஷயம்.

எங்கள் பங்கில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு, வாரம் ஒரு வீட்டில் நடக்கும். செபமாலை, வாசகம், பாட்டு, கடைசியில் சுண்டலோ டீயோ. அன்பியங்களைப் பிரித்தவர்கள் தெருவாரியாகப் பிரித்தார்கள். தெரு என்றாலே சாதி என்பதால், யாரும் வாய் திறக்காமலே ஊர்த்தெரு அன்பியம் வேறு, காலனி அன்பியம் வேறு என்றாகிவிட்டது. புதிதாக வந்த பங்குச்சாமி ஒரு வேலை செய்தார். வீட்டு எண்ணை வைத்துக் கலந்து பிரித்தார். அவர் அதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் வைக்கவில்லை, நோட்டீஸ் போர்டில் பட்டியலை ஒட்டியதோடு சரி.

முதல் மாதம் பாதிப் பேர் வரவில்லை. அப்புறம் வந்தார்கள். காலனி வீடுகளுக்கும் வந்தார்கள், பாய் விரித்தால் உட்கார்ந்தார்கள், செபம் சொன்னார்கள். டீ வரும் நேரம்தான் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் திடீரென்று மாடு கறக்க நேரமாகிவிடும். ஒருவருக்கு ஒருசந்தி விரதம். மீதிப் பேருக்கெல்லாம் சுகர். அந்த ஒரு தட்டைக் கண்டதும் எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி பரவும் வேகம் இருக்கிறதே, எந்த டாக்டரும் கண்டிருக்க மாட்டார்.

ஊர்த்தெருவில் ஒரு ஆயா. எண்பதைத் தொட்டவர், கோயில் பீடத்துக்குப் பூக்கட்டித் தருபவர். இவர்கள் சொந்தத்தில்தான் கோயில் நாட்டாண்மை. ஒரு வியாழக்கிழமை காலனியில் கூட்டம். அந்த வீட்டு மருமகள் எவர்சில்வர் டம்ளர்களோடு வந்தாள். பழக்கப்படி ஒவ்வொருவராகக் கையை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். ஆயா முறை வந்ததும் அவள் தானாகவே, "உங்களுக்குச் சுகர் இருக்கே ஆயா" என்று தட்டை நகர்த்தப் பார்த்தாள். ஆயாவுக்கு நிஜமாகவே சுகர்.

"சுகருன்னா சக்கரை போடாத ஒண்ணு கொண்டா. இல்லன்னா அடுப்புல வையி, நான் குந்திகினுதானே இருக்கேன்."

அவள் உள்ளே ஓடினாள். புதிதாகப் போட்டு வரும்வரை கூட்டம் கலையாமல் இருந்தது. எழுந்து போனால் எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்துவிடுமே! ஆயா ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "தூள் கம்மி புள்ள" என்றார்.

இதனால் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. தேர் இன்னும் காலனி முனையோடு திரும்பிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேருக்குச் சுகர் குணமாகியிருக்கிறது.

ஞானப்பூ

சிரித்துவிட்டு யோசித்தேன். ஆயா டீ குடித்ததை நாம் கதையாகச் சொல்கிறோம். அந்த மருமகள் இத்தனை வருடம் அந்தத் தெரு வீடுகளில் எந்த டம்ளரில் குடித்தாள் என்று யாராவது எழுதுவார்களா?

கள்ளக்குறிச்சிக்காரன்

நியாயமான கேள்வி. அவள் ஊர்த்தெருவில் எந்த வீட்டிலும் எதுவும் குடிப்பதில்லையாம். அவளே சொன்னது: "தாகம்னா எங்க வீட்டுக்குப் போய்க் குடிச்சிக்கிறேன்."

திசையன்விளை

எங்கள் மாவட்டத்துக் கதை ஒன்று. வடக்கன்குளம் கோயிலைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கால்சட்டை மாதிரி இரண்டு நீளக் கட்டடங்கள், சேருமிடத்தில் பீடம். ஒரு கால் ஒரு சாதிக்கூட்டத்துக்கு, இன்னொரு கால் மற்றவர்களுக்கு. பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கமும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யோசித்து, வரைபடம் போட்டு, காசு செலவழித்துக் கட்டியது.

1910ல் கௌசானல் சாமியார் காலத்தில் தடுப்பை எடுத்தார்கள். உரிமை பறிபோயிற்று என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. கோயிலுக்குள் சாதியை வைத்து இடம் கேட்க உரிமை இல்லை என்று வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

இதில் எனக்குப் பொறுக்காதது வேறொன்று. தேவசகாயம் 1745ல் ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்தில். நாயர் குலத்தில் பிறந்து, அரண்மனை வேலையில் இருந்து, பிறகு எல்லாச் சாதியாரோடும் புழங்கியவர். 1752ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரின் வாலில் இருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிட்டு 'தேவசகாயம்' என்று வாசித்தார்கள். அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த என் சித்தப்பா, "அதென்ன பேரைக் குறைச்சிட்டாங்க?" என்று முகம் சுளித்தார். பக்கத்தில் இருந்த சித்தி, "மோட்சத்துல ரேஷன் கார்டு கேக்கமாட்டாங்க, சும்மா பாருங்க" என்றாள். சித்தப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று கேள்வி.

உறையூர் வாசி

திருச்சி மேலப்புதூர்க் கல்லறையைச் சாதிவாரியாகப் பிரிக்கும் சுவரை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். 2010ல் அதை இடிக்கப் போனவர்கள் மேல் வழக்குப் பாய்ந்தது. கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று போய்ப் பாருங்கள். சுவருக்கு இந்தப் பக்கமும் அதே மெழுகுவர்த்தி, அந்தப் பக்கமும் அதே சாமந்தி. சுவர் மேல் காக்கா மட்டும் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

சாக்பீஸ்

பள்ளி ஆசிரியன் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியல் சாதியினர் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே பரிந்துரைத்தது. ஒவ்வொரு ஜூனிலும் அப்பாக்கள் என்னிடம் வந்து, பையனுக்கு எந்தச் சான்றிதழ் வாங்குவது என்று கேட்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் பி.சி. 'கிறிஸ்தவத்தில் சாதி இல்லை' என்கிறது அரசு. அதே பையனின் தாத்தாவுக்குச் சவப்பெட்டி ஏற்றும் தூம்பா வண்டி தர மறுத்தது ஒரு பங்குப் பேரவை. இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கக் கூடாதா?

கல்லடிப் பாலம்

நான் மட்டக்களப்பு. எங்கட பிரிவினை வேறு மாதிரி, என்றாலும் எழுதுகிறேன்.

2019 உயிர்த்த ஞாயிறு. எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு. ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறு பிள்ளைகள் செத்தார்கள். தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடிக்காரன் என்று தெரிந்ததும், நாலைந்து மைல்தான் தூரம், சனங்கள் எப்படிக் கதைத்திருப்பார்கள் என்று உங்களுக்கு விளங்கும். முஸ்லிம் கடைக்குப் போகாதே, முஸ்லிம் ஓட்டோவில் ஏறாதே. எங்கள் ஜெபக்கூட்டத்திலும் அதே கதைதான். மன்னிப்பைப் பற்றிப் பாடிவிட்டு, பாட்டு முடிந்தவுடன் அந்தக் கதை.

அந்தக் கூட்டத்துக்கு வருகிற ஒரு மாமிக்குக் காத்தான்குடியில் வாடிக்கையான தையல்காரர் ஒருவர். ஆடி மாதம் போல, நத்தார் (கிறிஸ்துமஸ்) உடுப்புக்கு என்று துணியை எடுத்துக்கொண்டு மாமி அங்கே போய்விட்டார். நத்தாருக்கு இன்னும் ஐந்து மாதம்! கடையில் மெஷின் மூடிக் கிடந்ததாம். தேத்தண்ணி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, அளவு எடுக்காமல் அந்த மனிதர் கனநேரம் பேசாமல் இருந்தாராம்.

விஷயம் தெரிந்து எங்கள் ஆட்கள் மாமியைப் பிடித்துக்கொண்டார்கள். செத்த பிள்ளைகளை மறந்திட்டீங்களா என்று கேட்டார்கள். மாமி அழவும் இல்லை, வசனம் சொல்லவும் இல்லை.

"அந்த மனிசன்ட நானா (அண்ணன்) 90ல பள்ளிவாசல்ல தொழுதுகொண்டு நிக்கக்குள்ள செத்தவர். சுட்டது ஆரெண்டு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த வருசம் எங்கட பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைச்சது அவர்தான். அவர் எங்களிட்ட ஒண்டும் கேக்கல்ல."

1990 ஆகஸ்ட் 3. காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், பழி புலிகள் மீது. எங்கள் கூட்டத்தில் அந்தத் தேதியை யாரும் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. சிலருக்கு மாமியின் மேல் இன்னும் கோபம்தான். ஒருவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஞானப்பூ

மாமி பேசியதை எங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "துணி தைக்கிற செலவோட இது முடிஞ்சுதா, கல்யாணம் காச்சின்னு வந்தா பத்திரிகை வைப்பாங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாமே கல்யாணத்தில் போய்த்தான் முடியும். ஆனால் 'சி.எஸ்.ஐ., இன்ன சாதி, அதே பிரிவில் வரன் தேவை' என்ற விளம்பரங்களை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் வாசிக்கிறவர்கள் நாம். அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

கல்லடிப் பாலம்

மாமி பத்திரிகை வைத்தார். தையல்காரர் குடும்பத்தோடு வந்து, மண்டபத்தில் சாப்பாடு ஹலால் இல்லை என்பதால் சோடா குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கும் ஒரு கதை கட்டினார்கள், விடுங்கள்.

மேற்குத்தெரு

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் அண்ணன், தூம்பா வண்டி விஷயம் எங்கள் பங்கிலும் உண்டு. பொது வண்டி என்றுதான் பெயர், சாவி ஒரு வீட்டில். கேட்டால் 'டயர் பஞ்சர்'. இதை எப்படி எடுத்துப் பேசுவது?

சாக்பீஸ்

பேசாதீர்கள், எழுதிக் கொடுங்கள். வண்டி கோயில் பணத்தில் வாங்கியதா என்று முதலில் கணக்கு நோட்டைப் பாருங்கள். அப்படியானால் சாவி சாமியார் பங்களாவில் இருக்க வேண்டும் என்று பேரவையில் மனு வையுங்கள், கையெழுத்தில் இரண்டு தெருவும் இருக்கட்டும். நகல் ஒன்று மறைமாவட்டத்துக்கு. சாவு விழுந்த வீட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் சண்டையாகிவிடும், யாரும் சாகாத வாரமாகப் பார்த்துக் கொடுங்கள்.