யூரோவிஷன் 'என்ட்ரி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

சி. (ஒஸ்லோ)
அனைவருக்கும் வணக்கம். இங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். நாட்டுக்கு ஒரு பாட்டாக அனுப்பி ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப்போட்டியில் நோர்வே என்று ஒரு பேச்சு தயாராகிறது. ஒரு பிள்ளையின் கொப்பியில் இருப்பது: "நோர்வேயின் முதல் நுழைவு 1960. 1978 நுழைவு ஒரு புள்ளியும் எடுக்கவில்லை." முதல் வரியில் நுழைவு என்றால் நாடு போட்டிக்கு வந்தது. அடுத்த வரியில், பாரிஸில் யான் தைகன் பாடிய பாட்டு. ஒரு நாட்டின் சார்பில் போகிற பாட்டுக்கு ஒரு சொல் வேண்டும், பதினாலு வயதுப் பிள்ளை மேடையில் தடுக்காமல் சொல்லக்கூடியதாக. வெள்ளிக்குள் கிடைத்தால் பெரிய உதவி.

மு. (மதுரை)
அம்மா, 'தூதுப்பாட்டு' என்று வையுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவை, ஒரு புலவர் (புறநானூறு 95). வேற்று அவைக்குப் போகும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தம் எது? 'நாட்டுப்பாடல்' என்றால் தெம்மாங்கு என்று நினைப்பார்கள். 'நாட்டுப்பண்' தேசிய கீதம்.

இரா. (கோவை)
தூது வடசொல், ஐயா. புதிதாக ஆக்கும் சொல்லிலாவது அதை விலக்குவோம். 'விடுபாட்டு' எப்படி?

மு.
தூவு, தூண்டு, துரத்து எல்லாமே வெளியே தள்ளும் பொருள். தூதும் அந்த வேர்தான் என்பது என் துணிபு. தலைவன் தலைவியைப் பிரிவதற்குத் தொல்காப்பியர் சொன்ன காரணங்களில் ஓதல், பகையோடு தூதும் உண்டே! வேர்ப்பட்டியலை நாளை தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். 'விடுபாட்டு' என்றால் விடுபட்ட பாட்டு என்றுதான் படிப்பார்கள்.

கு. (டொராண்டோ)
வேர் இருக்கட்டும், பொருள் இடிக்கிறது. பாட்டை அனுப்புவது நோர்வே அரசு இல்லை, என்ஆர்கே ஒலிபரப்பு நிறுவனம். 2009இல் மாஸ்கோவில் 387 புள்ளி எடுத்து வென்ற அலெக்சாண்டர் ரிபாக் பிறந்தது மின்ஸ்கில். 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடி வென்ற செலின் டியோன் எங்கள் கனடாக்காரர். இதில் யாருக்கு யார் தூது? 'பாட்டு' என்பதுகூட எப்போதும் பொருந்தாது. 1995இல் நோர்வேக்கு வெற்றி தந்தது பெரும்பாலும் வயலின். பாடிய சொற்கள் 24 மட்டுமே. 'போட்டிப்பாடல்' போதும்.

சி.
அதில் ஒரு சிக்கல், அண்ணா. யூரோவிஷனுக்கு முன்னால் இங்கே மெலோடி கிராண்ட் ப்ரீ நடக்கும். அதில் மோதுகிற எல்லாமே போட்டிப்பாடல்கள்தான். அவற்றில் வென்று வெளியே போகிற அந்த ஒன்றுக்குத்தான் பெயர் தேடுகிறேன். 'தெரிவுப்பாடல்' சரிவருமா?

இரா.
தமிழ்நாட்டில் 'தேர்வு' என்போம், ஆனால் அது பரீட்சையாகிவிடும். சரி, தெரிவே இருக்கட்டும். அப்புறம், புள்ளி எடுக்காததைப் 'பூச்சியம்' என்று எழுதாதீர்கள், 'சுழியம்' என்று எழுதுங்கள்.

சி.
பூச்சியம் இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் கேட்கிற சொல், ஐயா. அதை மாற்ற மாட்டேன்.

கு.
தெரிவுப்பாடலுக்கு என் ஆதரவும் உண்டு. நாளை வெள்ளி, இதோடு முடிப்போம்.

சி.
எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். 'தெரிவுப்பாடல்' என்று இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் கொப்பியைப் பார்க்காமல், "1978இல் நாங்கள் அனுப்பின பாட்டு" என்றாள். நான் திருத்தவில்லை. கையேட்டில் தெரிவுப்பாடல் என்றே போடுகிறேன்.

மு.
அனுப்பின பாட்டு என்றால் தூதுதானே அம்மா! கையேட்டில் அடைப்புக்குறிக்குள்ளாவது 'தூதுப்பாட்டு' வரட்டும். வேர்ப்பட்டியல் இணைத்திருக்கிறேன்.