பழைய .44 சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்: கடையில் வைத்தே தரம் பார்ப்பது எப்படி, எந்த விலை தகும்?

போய்ஸி முத்து:

வணக்கம். ஐடஹோவில் போய்ஸி பக்கம் இருக்கிறேன், கிரீன் கார்டு கையில் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் நண்பர்களோடு எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு மலைக்குப் போவேன். அதற்கு ரைபிள் உண்டு. இப்போது தேடுவது இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு பெரிய காலிபர் (குழல் விட்டம்) சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர். கரடி நடமாடும் காட்டில் கைக்கு ஒன்று இருக்கட்டும் என்பது ஒரு காரணம். ரேஞ்சில் நின்று ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஹாமரைக் கட்டைவிரலால் இழுத்து நிதானமாகச் சுடுவது ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் பெரிய காரணம்.

ஒரே கடையில் மூன்று பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது ரூகர் சூப்பர் பிளாக்ஹாக், .44 மேக்னம், ஏழரை அங்குல பேரல், பழையது, 700 டாலர். சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருக்கிறது. இரண்டாவது புது உபெர்ட்டி, .45 கோல்ட், 600 டாலர். ஃப்ரேமில் நீலமும் பழுப்புமாக ஓடும் நிறத்தைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. மூன்றாவது ஃப்ரீடம் ஆர்ம்ஸ் மாடல் 83, .454 கசூல், இதுவும் பழையதுதான், ஆனால் 2,300 டாலர்.

நண்பர் ஒருவர், கோடு விழுந்த சிலிண்டரைத் தொடாதே என்கிறார். கடைக்காரர், ரூகர் ஃப்ரேம் வெறும் வார்ப்பு என்கிறார். மூன்று மடங்கு விலைக்கு ஃப்ரீடம் ஆர்ம்ஸில் அப்படி என்னதான் கிடைக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டூல்ரூம் சண்முகம் (வயோமிங்):

முத்து தம்பி, நான் கோவையில் டூல் ரூமில் வேலை பழகினவன், இப்ப இங்கே மெஷின் ஷாப்பில் இருக்கேன். ரிவால்வர் விஷயத்தில் எனக்கு ஒரே கொள்கைதாங்க: பாலிஷைப் பார்க்காதீங்க, அறைகள் பேரலுக்கு நேரா வந்து நிக்குதான்னு பாருங்க. சிலிண்டரில் ஆறு அறை, பேரல் ஒண்ணு. ஒவ்வொரு முறையும் ஒரு அறை சுத்தி வந்து பேரலுக்கு நேரா, அசையாம நிக்கணும். நாம கொடுக்கிற காசுக்கு வாங்கறது அந்த நேர்த்தியைத்தான்.

முதல்ல அந்தக் கோடு. ரூகர் நியூ மாடல்ல சிலிண்டரைப் பூட்டற போல்ட் சீக்கிரமே எழுந்து சிலிண்டர் மேல உரசிக்கிட்டே வரும். அதனால கோடு விழறது சகஜம், நல்லா வெச்சிருந்த துப்பாக்கியிலும் விழும். 1873-ல வந்த கோல்ட் கம்பெனி ரிவால்வர் அமைப்பில் செஞ்சதில் கோடு இருந்தா மட்டும் டைமிங்கை, அதாவது போல்ட் சரியான நேரத்தில் விழுதாங்கிறதை, சந்தேகப்படலாம். கோட்டை விட்டுட்டு போல்ட் விழற குழிகளோட ஓரத்தைப் பாருங்க. ஓரம் அடிபட்டு மழுங்கி, உலோகம் பிதுங்கி இருந்தா, ஆளு ஹாமரை வெறியோட இழுத்து விளையாடியிருக்கார்னு அர்த்தம்.

அடுத்தது வார்ப்பு. வார்ப்புன்னதும் நம்ம ஊர்க்காரங்களுக்கு மணல் அச்சில் ஊத்தின பம்ப் உறைதான் கண்ணுல நிக்கும். ரூகர் பண்றது மெழுகு அச்சு வார்ப்பு. நியூ ஹாம்ப்ஷயர்ல நியூபோர்ட் ஊர்ல அவங்களுக்குப் பைன் ட்ரீ காஸ்டிங்ஸ்னு சொந்த வார்ப்பாலையே இருக்கு. அடிச்சுச் செஞ்ச ஃப்ரேமை விட இதைக் கொஞ்சம் தடிமனாவே பண்றாங்க. பலத்தைத் தீர்மானிக்கிறது தடிமனும், ஹீட் ட்ரீட்மென்ட்டும், கடைசியா மெஷின்ல எடுக்கிற அளவும். .44 மேக்னம் வந்த அடுத்த வருஷமே, 1956-ல, ரூகர் அதுக்கு பிளாக்ஹாக்கை இறக்கினாங்க. 1959-ல சூப்பர் பிளாக்ஹாக். இத்தனை வருஷமா ஜனங்க அதைப் போட்டு அடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. கடைக்காரர் பேச்சைக் காதில் போட்டுக்காதீங்க. அந்த .44-க்காகப் பல வருஷம் கம்பெனிகளை நச்சரிச்ச துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் உங்க ஐடஹோவில் சால்மன் ஊர்க்காரர்தான்.

இனி கடையில் செய்ய வேண்டியது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசுத் தகடுகள்) செட் ஒண்ணும், சின்ன டார்ச்சும் எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் அனுமதி கேட்டுட்டு, தோட்டா போடற சின்னக் கதவை, லோடிங் கேட்டை, திறந்து ஆறு அறையும் காலியான்னு உங்க கண்ணால பாருங்க. அவர் பார்த்துட்டேன்னு சொன்னாலும் நீங்களும் பாருங்க.

ஒரு விரலைச் சிலிண்டர் மேல லேசா அழுத்தி வெச்சுக்கிட்டு ஹாமரை மெதுவா, ரொம்ப மெதுவா பின்னால இழுங்க. ஹாமர் முழுசா பின்னால போய் நிக்கறதுக்குள்ள போல்ட் குழியில் 'டக்'னு விழுந்து பூட்டணும். ஆறு அறைக்கும் தனித்தனியா செய்யுங்க, ஏன்னா சிலிண்டரைச் சுத்த வைக்கிற பின்பக்கப் பல் ஒவ்வொரு அறைக்கும் வேற. ஒரு அறை சோம்பலா வந்தாக்கூட அதைக் குறிச்சு வெச்சுக்கோங்க. அப்புறம் ஹாமர் பின்னால இருக்கும்போதே சிலிண்டரை இடவலமா ஆட்டிப் பாருங்க. மயிரிழை ஆட்டம் பரவாயில்லை, லொடலொடன்னு ஆடக் கூடாது.

பிறகு சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. ஃபீலரை விட்டுப் பாருங்க. 0.004-லேருந்து 0.006 அங்குலம்னா அருமை. 0.008 வரைக்கும் குடும்பம் நடத்தலாம். 0.010 தாண்டினா அந்த விலைக்கு வேண்டாம். சிலிண்டரை முன்னால தள்ளி ஒரு அளவு, பின்னால தள்ளி ஒரு அளவு எடுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ட் ஷேக், அது 0.003-க்கு மேல போனா தேய்மானம்.

டார்ச் அடிச்சு பேரலோட பின்வாயைப் பாருங்க, வெடிப்பு இருக்கக் கூடாது. அதுக்கு நேர் மேல ஃப்ரேம்ல நெருப்பு அறுத்த கோடு மெல்லிசா இருக்கும். அது ஓரளவுக்கு மேல ஆழமாகாது, பயப்பட வேண்டாம்.

சிலிண்டரைக் கழட்ட விட்டாங்கன்னா இன்னொண்ணு. .44-க்கு உள்ள 0.430 அங்குல ஈயக் குண்டை மட்டும், தோட்டாவை இல்லை, முன்பக்கமிருந்து ஒவ்வொரு அறையிலும் விரலால தள்ளுங்க. ஆறிலும் ஒரே மாதிரி லேசான பிடிப்போட போகணும். ஒண்ணுல நழுவி விழுந்து இன்னொண்ணுல சிக்கினா அந்தத் துப்பாக்கி எப்பவும் குண்டைச் சிதறடிக்கும். ரூகரோட .45 கோல்ட் வாங்கறவங்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். குண்டு 0.452 இருக்க, அறை வாய் 0.450 அளவுல இறுக்கமா வந்த துப்பாக்கிகள் நிறைய உண்டு. ரீமர் போட்டு 0.4525 ஆக்கிக்கிட்டா குணமே மாறிடும். சின்னச் செலவுதான்.

ஃப்ரேம்ல 'நியூ மாடல்'னு பொறிச்சிருக்கான்னும் பாருங்க. 1973-லேருந்து வந்தது அது, ட்ரிகரை இழுத்தாத்தான் ஹாமர் அடி தோட்டாவுக்குப் போக விடற டிரான்ஸ்ஃபர் பார் உண்டு, ஆறும் போட்டு எடுத்துட்டுப் போகலாம். அதுக்கு முந்தினதுக்கு ஃப்ரேம் பக்கத்தில் மூணு ஸ்க்ரூ இருக்கும். மாத்தி அமைக்காத மூணு ஸ்க்ரூன்னா அஞ்சுதான் போடணும், ஹாமர் காலி அறை மேல நிக்கணும். கம்பெனிக்கு அனுப்பினா இலவசமாவே மாத்தித் தராங்க.

ஃப்ரீடம் ஆர்ம்ஸ் பத்திக் கேட்டீங்க. வயோமிங்ல ஃப்ரீடம்ங்கிற குட்டி ஊர்ல செய்யறாங்க, 1983-லேருந்து. ஆறு அறைக்குப் பதிலா அஞ்சு, அதனால அறைகளுக்கு நடுவுல இரும்பு அதிகம். அறைகளை அந்தந்த ஃப்ரேமோட பேரல் வரிசைக்கு நேரா பிடிச்சுத் துளை போடறாங்க. இதை மெஷின்ல நின்னவன் சொல்றேன், அந்த வேலைக்கு நேரம் பிடிக்கும், நேரத்துக்குத்தான் காசு. .44 மேக்னத்தோட அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, .454-க்கு 65,000. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கைத் தாங்கி, இடைவெளி இறுக்கமாவே நிக்கிற துப்பாக்கி அது. தகுமான்னா, தகும். ஆனா நூறு கெஜத்துல குண்டைச் சேர்த்து விழ வைக்கிற கையும், அந்த உதையைத் தாங்கற மணிக்கட்டும் இருக்கிறவங்களுக்கு. உங்க உபயோகத்துக்கு ரூகரை வாங்கிட்டு மிச்சத்துக்குத் தோட்டா வாங்குங்க. கை பழகறது அதில்தான்.

டெக்ஸாஸ் கலா:

சண்முகம் அண்ணா சொன்ன அளவுகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உபெர்ட்டியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் விட்டுவிட்டாரே! நான் கவ்பாய் ஆக்‌ஷன் போட்டிகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். இத்தாலியில் கார்டோனே பக்கம் செய்கிறார்கள், பெரெட்டா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். மரமும் இரும்பும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், அந்த விலைக்கு நல்ல வேலை. உள்ளே பெரும்பாலும் கோல்ட் மாதிரியே தட்டை ஸ்பிரிங்குகள், நாள்பட்டால் உடையும். உதிரி வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ரூகரில் சுருள் ஸ்பிரிங், அந்த விஷயத்தில் ரூகர் ஒரு படி மேல்தான்.

முத்து கவனிக்க வேண்டியது வேறு. .45 கோல்டின் சாதாரண அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான். தோட்டாவை நாமே நிரப்பும் ரீலோடிங் கையேடுகளில் ரூகருக்கு மட்டும் என்று தனியாகப் போட்டிருக்கும் கனமான, அழுத்தம் கூடிய லோடுகளை உபெர்ட்டியில் ஒருபோதும் போடக் கூடாது. சிலிண்டர் சுவர் அதற்கு ஏற்றதில்லை. ரேஞ்சுக்கு உபெர்ட்டி அருமை. கரடிக் காட்டுக்கு .44 தான்.

இன்னொன்று, கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஏழரை அங்குல சூப்பர் பிளாக்ஹாக்கில் ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டின் பின்பக்கம் சதுரமாக இருக்கும். முழு லோடு போட்டால் அது நடுவிரல் முட்டியில் வந்து இடிக்கும். என் போன்ற சின்னக் கைக்கு பிஸ்லி என்ற வேறு வடிவப் பிடி வைத்த ரூகர் எவ்வளவோ மேல், அதில் இந்த இடி இல்லை. இரண்டாவது பெட்டித் தோட்டாவை எடுக்கவே விடாமல் முட்டியை இடிக்கிற துப்பாக்கி எவ்வளவு மலிவாக வந்தாலும் நஷ்டம்தான்.

நியூஜெர்சி ராம்:

படிக்கிற மற்றவர்களுக்காக. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி. நண்பர் துப்பாக்கியை வாங்கிப் பார்க்கும் முன்பே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

போய்ஸி முத்து:

எல்லோருக்கும் நன்றி. இன்று கேஜோடு போனேன். நியூ மாடல்தான். இடைவெளி 0.005, எண்ட் ஷேக் 0.002-க்குள். ஆறு அறையும் மெதுவாக இழுத்தாலும் பூட்டுகின்றன. குண்டும் ஆறிலும் ஒரே மாதிரிப் போனது. கலா அக்கா சொன்ன சதுர கார்டு என் முட்டிக்குத் தள்ளியே நிற்கிறது, எனக்கு விரல் நீளம். ஒன்றுதான் உறுத்துகிறது. பிடியின் ஸ்க்ரூ தலைகள் கடிபட்டிருக்கின்றன, ட்ரிகர் நம்ப முடியாத அளவுக்கு லேசாக இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் உள்ளே கை வைத்திருப்பாரோ?

டூல்ரூம் சண்முகம் (வயோமிங்):

கை வெச்சிருக்கார், சந்தேகமே இல்லை. ஆனா என்ன பண்ணினார்ங்கிறதுதான் விஷயம். ரூகர் ட்ரிகர் ஸ்பிரிங்குக்கு ரெண்டு கால் உண்டு. பிடியைக் கழட்டி ஒரு காலை ஆணியிலேருந்து விடுவிச்சுட்டா ட்ரிகர் லேசாயிடும், நிறையப் பேர் பண்றாங்க. அப்படின்னா ஒண்ணும் கெடலை, திரும்ப மாட்டிக்கலாம், காசே ஆகாது. ஹாமரைப் பின்னால நிறுத்தி வைக்க ட்ரிகர் மாட்டிக்கிற படி ஹாமரில் இருக்கு, அதை அரம் போட்டுத் தேய்ச்சிருந்தா மட்டும் ஆபத்து.

கண்டுபிடிக்க வழி இருக்கு. மறுபடியும் காலியான்னு பார்த்துட்டு, ஹாமரைப் பின்னால நிறுத்தி, ட்ரிகரைத் தொடாம, கட்டைவிரலால ஹாமரை முன்னால நல்லா அழுத்துங்க. விரலை எடுக்காதீங்க, விழுந்தா பிடிக்கணும். சில தடவை செஞ்சு பாருங்க. நின்னுச்சுன்னா படி நல்லா இருக்கு. ஸ்க்ரூவைக் காட்டி ஐம்பது டாலர் குறைக்கச் சொல்லி வாங்கிட்டு வந்துடுங்க. ஒரே ஒரு தடவை நழுவினாலும் புது ஹாமரும் ட்ரிகரும் போட்டு, கன்ஸ்மித் கூலியும் கொடுக்கணும். அந்தச் செலவைக் கடைக்காரர் விலையில் கழிக்கலைன்னா அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க தம்பி. சூப்பர் பிளாக்ஹாக் பழசு ஒவ்வொரு கன் ஷோவிலும் வரும்.