டெஷூட்ஸ் படுகை: கால்வாய்களைக் குழாயாக்கத்தான் வேண்டுமா?

செங்கதிர்: அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைகளின் மழைமறைவுப் பகுதியில் உள்ள பெண்ட் நகரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மி.மீ. மழையே பெறுகிறது. ஆனால் மலைமேல் பெய்யும் பனி உருகி, எரிமலைப் பாறை விரிசல்களில் இறங்கி, பைன் காடுகளுக்கிடையே ஊற்றுகளாகப் பீறிடுவதால், டெஷூட்ஸ் ஆறு இயல்பில் ஆண்டு முழுவதும் சீராக ஓடிய ஆறு. அதே விரிசல் பாறையில் நூறாண்டுக்கு முன் வெட்டிய கால்வாய்கள், எடுக்கும் நீரில் சில இடங்களில் பாதி வரை கசியவிடுகின்றன. குழாய் பதிப்பதே தீர்வு.

முல்லை: கசியும் நீர் தொலைந்துபோவதில்லை ஐயா, நிலத்தடிக்குச் சென்று கிணறுகளை ஊறவைக்கிறது, கரையோர மரங்களுக்கும் அதுவே ஆதாரம். கோளாறு பாறையில் இல்லை, முதலில் உரிமை பெற்றவர் பங்கு நிறைந்த பிறகே பிந்தியவருக்கு நீர் தரும் 'முந்தியவருக்கே முதலுரிமை' என்னும் நீர்ச்சட்டத்தில் இருக்கிறது. பெண்டைச் சுற்றி இரண்டு குதிரைக்காகப் புல் வளர்ப்பவருக்கு மூத்த உரிமை இருக்க, மதராஸ் (ஆம், அதே பெயர்தான்) வட்டாரத்தில் கேரட் விதை விளைவிக்கும் கடைமடை விவசாயியின் உரிமை பிந்தியது, 1913-ஆம் ஆண்டுக்குரியது என்பதால், வறட்சியில் முதலில் அவர் பங்கே வெட்டப்படுகிறது.

செங்கதிர்: அந்தக் கடைமடைக்காகவே குழாய் வேண்டும் என்கிறேன். தலைமடையில் மிச்சமாகும் நீர் மதராஸுக்குப் போனால், அதற்கு ஈடாக, மதராஸ் வட்டாரத்துக்காக டெஷூட்ஸின் மேல்பகுதியில் நீர் தேக்கும் விக்கியப் அணையிலிருந்து குளிர்காலத்தில் ஆற்றுக்கு நீர் திறக்கலாம். 1949-இல் முடிந்த அந்த அணை கோடைப் பாசனத்துக்காக நீரைத் தேக்கியதால், குளிர்கால ஓட்டம் வினாடிக்கு 20 கனஅடி அளவுக்குக்கூடச் சுருங்கியது. அந்த ஆற்றோரச் சதுப்புகளில் வாழும் ஆரிகன் புள்ளித்தவளை 2014-இல் அழியும் அபாயமுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட பின்னர், 2020-இல் ஒப்புதல் பெற்ற வாழிடப் பாதுகாப்புத் திட்டம் அந்த ஓட்டத்தை 100 கனஅடியில் தொடங்கிப் படிப்படியாக 400 வரை உயர்த்தக் கோருகிறது. சட்டத்தைத் திருத்தும்வரை தவளை காத்திருக்குமா?

பொன்னி: குழாயாக்கத்தால் கிணறு வற்றினால், ஆழப்படுத்தும் செலவு யார் தலையில் விழும்?

முல்லை: வீட்டுக்காரர் தலையில்தான். பொதுப்பணத்தில் குழாய் பதித்தும், தொடர்ந்து 5 ஆண்டு பயன்படுத்தாத உரிமை பறிபோகும் என்ற விதி அப்படியே இருந்தால், உரிமை போய்விடுமே என்ற அச்சத்தில் புல்வெளிக்குப் பாய்ச்சுவதை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

செங்கதிர்: நீரை ஆற்றுக்கே குத்தகைக்கு விட்டு உரிமையைக் காத்துக்கொள்ள அங்கே ஏற்கெனவே வழியுண்டு.

முல்லை: அது உரிமையாளர் விரும்பினால் மட்டுமே. அவர் விரும்பாவிட்டால், அந்த நீரைக் கேட்டுப் பெறும் அதிகாரம் கடைமடைக்காரருக்கு இல்லை.